சவுண்ட்பாரில் சத்தம் வரவில்லையா? எச்டிஎம்ஐ, ஆப்டிகல், புளூடூத், ஆக்ஸ்: உங்கள் வீட்டுக்கு எது சரி?

டிவியில் படம் பளிச்சென்று ஓடுகிறது. சவுண்ட்பாரில் விளக்கும் எரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. நேற்று ராத்திரி வரை நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் பல வீடுகளில் உடனே மெக்கானிக்குக்குப் போன் போகிறது. இல்லாவிட்டால் யாராவது கடைக்குப் போய்ப் புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வருகிறார்கள். இரண்டுமே கடைசியில் செய்யவேண்டிய வேலைகள்.

டிவியிலிருந்து பாருக்குச் சத்தம் போக நான்கு வழிகள் இருக்கின்றன: எச்டிஎம்ஐ ஆர்க், ஆப்டிகல் (ஒளி போகும் கேபிள்), புளூடூத், ஆக்ஸ் (ஹெட்போன் ஓட்டையில் செருகும் வயர்). செட்டாப் பாக்ஸிலிருந்து நேராக பாருக்குப் போவதையும் சேர்த்தால் ஐந்து. ஒரு வழி அடைபட்டால் அதையே சரிசெய்ய உட்கார்வதா, அடுத்த வழிக்கு மாறிவிடுவதா என்பதுதான் இங்கே எடுக்கவேண்டிய முடிவு. கடைக்காரர்கள் ஒலித்தரத்தை வைத்து இதைப் பேசுவார்கள். நான் வேறு இரண்டு விஷயங்களைத்தான் முதலில் கேட்பேன். வீட்டில் டிவி ரிமோட் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது? வாங்கிய பார் 2.1ஆ (இடது, வலது, ஒரு வூஃபர்), 5.1ஆ (ஐந்து தடங்கள், ஒரு வூஃபர்), அட்மாஸா (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போல் காட்டும் டால்பி வகை)? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

முதலில் பார் உயிரோடு இருக்கிறதா?

கைப்பேசியை பாரோடு புளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். பாடினால் பாரின் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், பவர் சப்ளை எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து டிவி மெனுவில் சவுண்ட் அவுட்புட் என்ற இடத்துக்குப் போய் டிவி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். அதிலும் சத்தம் வந்தால் டிவியும் நன்றாக இருக்கிறது. ஆக, கோளாறு இரண்டுக்கும் நடுவில். பெரும்பாலான கேஸ்கள் இப்படித்தான் முடியும், காசு செலவில்லாமல் சரியும் ஆகும்.

கைப்பேசிப் பாட்டும் வரவில்லை என்றால் கதை வேறு. பார் ரிமோட்டில் மியூட் அழுந்தியிருக்கிறதா, சத்தம் அடியோடு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பாரை சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எந்த கேபிளை மாற்றினாலும் பயனில்லை.

இந்தச் சோதனை முடிந்ததும் ஒரு காரியம் கட்டாயம். பார் இப்போது புளூடூத்தில் நிற்கிறது. அதை மறுபடி டிவி சோர்ஸுக்கு, அதாவது டிவியிலிருந்து வரும் ஒலியை வாங்கும் நிலைக்கு, கொண்டுவர வேண்டும். பெரிய பார்களில் முகப்பிலேயே எழுத்து ஓடும். சின்னப் பார்களில் ஒரே ஒரு விளக்குதான், அதன் நிறம் மாறும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கூட வந்த கையேட்டில் இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதல் சந்தேகம் இந்த சோர்ஸ் பட்டன் மேல்தான் விழ வேண்டும். துடைக்கும்போது கைபட்டாலே மாறிவிடும்.

எச்டிஎம்ஐ ஆர்க்: நன்றாக வேலை செய்யும்வரை இதற்கு ஈடில்லை

சாதாரணமாக எச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் டிவிக்குள் வருகின்றன. ஆர்க் என்பது அதே கேபிளில் ஒலியை மட்டும் டிவியிலிருந்து வெளியே அனுப்பும் ஏற்பாடு. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோது இது சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய டிவிகளில் இருக்கவே இருக்காது. பிந்தைய டிவிகளிலும் பின்னால் உள்ள மூன்று நான்கு போர்ட்டுகளில் வழக்கமாக ஒன்றில்தான் இருக்கும். அதன் பக்கத்தில் ஆர்க் அல்லது இ-ஆர்க் (ஆர்க்கின் திறன் கூடிய வடிவம்) என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சுவரில் மாட்டிய டிவி என்றால் கைப்பேசியை பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது சுலபம். தூசு தட்டும்போதோ ஓடிடி பார்க்கப் புது ஸ்டிக் செருகும்போதோ கேபிளைக் கழற்றிப் பக்கத்துப் போர்ட்டில் மாற்றிச் செருகிவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

பார் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். சில பார்களில் இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டைகள் இருக்கும், ஒன்று இன், ஒன்று அவுட். டிவிக்குப் போகவேண்டியது அவுட். பெயரைப் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். சத்தம் பாருக்குள்தானே வருகிறது, இன்னில்தானே செருக வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெயர் வைத்தது படம் போகும் திசையை வைத்து. ஆர்க் என்ற எழுத்தும் அவுட் பக்கத்தில்தான் இருக்கும்.

போர்ட் இரண்டும் சரி, அப்படியும் சத்தம் இல்லையென்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது சிஇசி. எச்டிஎம்ஐ கேபிளில் 19 பின்கள் இருக்கின்றன. அதில் 13ஆவது பின் வழியாகத்தான் டிவியும் பாரும் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றன: நான் எழுந்துவிட்டேன், நீயும் எழு, சத்தத்தைக் கூட்டு, இனி ஒலியை நான் வாங்கிக்கொள்கிறேன். இந்தப் பேச்சுக்குத்தான் சிஇசி என்று பெயர். ஒலி வருவது 14, 19 ஆகிய பின்கள் வழியாக. பேச்சு நடக்காவிட்டால் ஒலிப் பாதை திறக்காது. அதனால் டிவி மெனுவில் சிஇசியை யாராவது அணைத்துவிட்டால் ஆர்க்கும் அதோடு படுத்துவிடும். தொல்லை என்னவென்றால், மெனுவில் போய்த் தேடினால் சிஇசி என்ற பெயரே பல டிவிகளில் இருக்காது. சாம்சங்கில் அது அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். பாரிலும் இதே அமைப்பு தனியாக இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

சிஇசி ஆன் ஆகத்தான் இருக்கிறது, நேற்றுவரை ஓடியது, இன்று இல்லை என்றால் பெரும்பாலும் அது பேச்சு தடுமாறிய கேஸ். கரண்ட் போய் வந்தபிறகு இப்படி ஆவதை நிறையப் பார்க்கலாம். டிவி, பார், பாக்ஸ், ஸ்டிக் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிமோதி எழுந்திருக்கும்போது யார் யார் என்பதில் குழப்பம் வந்துவிடுகிறது. ரிமோட்டில் அணைத்துப் போடுவது இதற்குப் போதாது. டிவி, பார் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளையும் இரண்டு பக்கமும் கழற்றுங்கள். ஐந்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் கேபிளை முதலில் செருகி, டிவியை ஆன் செய்து, அது முழுதாக எழுந்தபின் பாரை ஆன் செய்யுங்கள். ஸ்டிக், பாக்ஸ் எல்லாம் கடைசியில். இது மந்திரம் மாதிரித் தெரியலாம், ஆனால் காரணம் இருக்கிறது. ரிமோட்டில் அணைத்த சாதனம் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது, பழைய குழப்பத்தை நினைவில் வைத்துக்கொண்டே. மின்சாரம் முழுக்க நின்றால்தான் அது மறக்கும்.

இதற்குப் பிறகும் வரவில்லையென்றால் மற்ற எச்டிஎம்ஐ சாதனங்களை எல்லாம் கழற்றிவிட்டு டிவியும் பாரும் மட்டும் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். அப்போது சத்தம் வந்தால், பேச்சில் குறுக்கே புகுவது ஒரு ஸ்டிக்கோ பாக்ஸோதான். அந்தச் சாதனத்தின் மெனுவில் அதன் சிஇசியை மட்டும் அணைத்தால் போதும். இ-ஆர்க் உள்ள டிவியாக இருந்தால் அதை அணைத்துச் சாதாரண ஆர்க்கில் ஓடுகிறதா என்றும் பார்க்கலாம். டிவிக்கும் பாருக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். கேபிள் மாற்றுவது இத்தனைக்கும் பிறகு. அப்போதும் கடைக்கு ஓடாமல், செட்டாப் பாக்ஸுக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி இதில் போட்டுப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

இவ்வளவு சிரமப்படுவதற்கு ஆர்க்கில் என்ன கிடைக்கிறது? ஒரே ரிமோட். டிவியை ஆன் செய்தால் பாரும் ஆன் ஆகும், டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் பாரில் கூடும். ரிமோட்டைக் கையாள ஏற்கெனவே தடுமாறும் வயதானவர்கள் உள்ள வீட்டில் இது பெரிய விஷயம். அட்மாஸ் பார் வாங்கியவர்களுக்கும் இந்த வழியை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது.

இங்கே கடைகளில் சொல்லப்படும் ஒரு தவறான தகவலைத் திருத்த வேண்டும். அட்மாஸ் வேண்டுமென்றால் இ-ஆர்க் டிவிதான் வாங்க வேண்டும் என்கிறார்கள். ஓடிடி தளங்கள் அனுப்பும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட வடிவத்தில் வருகிறது. அதை அனுப்பும் வசதி டிவியில் இருந்தால் சாதாரண ஆர்க்கே அதைச் சுமந்துபோகும். புளூரே தட்டில் வருவது டால்பி ட்ரூஎச்டி. அதற்குத்தான் வினாடிக்கு 37 மெகாபிட் வரை தாங்கும் இ-ஆர்க் தேவை. வீட்டில் புளூரே பிளேயர் இல்லாதவர் இ-ஆர்க்குக்காக மட்டும் டிவியை மாற்ற வேண்டியதில்லை.

சில சேனலில் மட்டும் ஊமை

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொன்னது: "தம்பி, யூடியூப்ல பாட்டு நல்லா கேக்குது. பாக்ஸ்ல எச்டி சேனல் வச்சா மட்டும் ஊமையாயிடுது. சாதா சேனல் வச்சா மறுபடி பேசுது." கேபிள்காரர் வந்து பாக்ஸையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புதுப் பாக்ஸிலும் அதே கதை. இப்படி ஒரு இடத்தில் வந்து இன்னொரு இடத்தில் வராமல் இருந்தால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. வயர் வழியாக ஒலி போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாருக்கு அந்த ஒலியின் மொழி புரியவில்லை.

டிவி ஒலியை இரண்டு விதமாக வெளியே அனுப்பும். ஒன்று பிசிஎம்: சுருக்கம் எல்லாம் பிரித்து, நேராக ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம் என்ற நிலையில் இருக்கும் ஒலி. இதைப் புரிந்துகொள்ளாத பாரே கிடையாது. இன்னொன்று, டால்பி போன்ற சுருக்கப்பட்ட வடிவத்தைப் பிரிக்காமல் மூட்டையாகவே தள்ளிவிடுவது. மெனுவில் ஆட்டோ, பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம் என்று பல பெயர்களில் இருக்கும். மூட்டையைப் பிரிக்கும் டீகோடர் பாரில் இல்லையென்றால் அது சும்மா இருந்துவிடும். பிழைச்செய்தி வராது, கரகரப்பும் வராது. வெறும் மௌனம்தான். அதனால்தான் எல்லாரும் கேபிளைச் சந்தேகப்படுகிறார்கள்.

அந்தப் பெரியவர் வீட்டில் டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் ஆட்டோவில் இருந்தது. பிசிஎம்முக்கு மாற்றினோம். அடுத்த நொடியே எச்டி சேனல் பேசிவிட்டது. சில டிவிகளில் இந்த அமைப்பு சவுண்ட் மெனுவின் அடியில், எக்ஸ்பர்ட் அல்லது அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். டிவியில் சரியாகாவிட்டால் செட்டாப் பாக்ஸின் சொந்த மெனுவுக்குப் போய் அங்கே டால்பி என்று இருப்பதை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றிப் பார்க்கலாம்.

பிசிஎம்முக்கு மாற்றினால் தரம் போய்விடுமா என்று கேட்பார்கள். ஆர்க்கிலும் ஆப்டிகலிலும் பிசிஎம் என்றால் இடது, வலது என்ற இரண்டே தடங்கள்தான் போகும். பாரும் 2.0 அல்லது 2.1 என்றால் இழப்பு எதுவும் இல்லை. கூடவே உள்ள வூஃபருக்குத் தேவையான தாழ்ந்த ஒலியை பாரே பிரித்துக் கொடுத்துவிடும். பின்னால் தனி ஸ்பீக்கர் வைத்த 5.1 பார் என்றால் நிச்சயம் இழப்புதான். அந்த ஸ்பீக்கர்களுக்குத் தனித் தடம் கிடைக்காது. அப்படிப்பட்ட பாரில் டால்பி டீகோடர் பெரும்பாலும் இருக்கும், எனவே அங்கே டால்பி டிஜிட்டல் என்று தேர்ந்தெடுத்து வைப்பதே சரி.

ஆப்டிகல்: சொன்ன வேலையை மட்டும் செய்யும்

ஆர்க் அடிக்கடி தொல்லை கொடுக்கிறது, பார் 2.1தான், வீட்டில் ரிமோட்டைக் கையாள்பவர்கள் இரண்டு ரிமோட்டைச் சமாளிப்பார்கள் என்றால் நான் தயங்காமல் ஆப்டிகலுக்கு மாறச் சொல்வேன். இது தோஷிபா 1983இல் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்த இணைப்பு. டாஸ்லிங்க் என்ற பெயரும் இதற்கு உண்டு. நாற்பது வருடமாக அப்படியேதான் இருக்கிறது. இதில் பேச்சுவார்த்தை, அனுமதி எதுவும் கிடையாது. டிவி ஒளியை அனுப்பும், பார் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் கரண்ட் போய் வந்தாலும், ஸ்டிக் மாற்றினாலும், டிவி அப்டேட் ஆனாலும் இது பாட்டுக்கு ஓடும்.

இன்னொரு நன்மையை யாரும் சொல்வதில்லை. இதில் செம்பு இல்லை, வெறும் பிளாஸ்டிக் இழை. டிவிக்கும் பாருக்கும் நடுவில் மின் தொடர்பே கிடையாது. எர்த்திங் சரியில்லாத வீடுகளில் ஆக்ஸ் வயரில் கேட்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இதில் வராது. மழைக்காலத்தில் இடி இறங்கி கேபிள் டிவி வயர் வழியாக டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் அடிபட்டாலும் ஆப்டிகல் வழியாக அது பாருக்குத் தாவாது.

சோதிப்பதும் சுலபம். டிவியை ஆன் செய்து, கேபிளின் ஒரு முனையை டிவியில் செருகிவிட்டு மறுமுனையை உள்ளங்கைக்கு நேராகப் பிடியுங்கள். சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் விழ வேண்டும். விழுந்தால் டிவியின் ஆப்டிகல் போர்ட்டும் கேபிளும் வேலை செய்கின்றன. விழாவிட்டால் கேபிளைக் கழற்றி டிவியின் ஓட்டையிலேயே சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரிந்து இங்கே தெரியாவிட்டால் கேபிள் உள்ளே உடைந்திருக்கிறது. வேறு எந்த இணைப்பிலும் இப்படிக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

புதுக் கேபிளில் கவனிக்கவேண்டியது முனையில் இருக்கும் மூடி. கண்ணாடி போல் தெளிவான பிளாஸ்டிக்கில், நகத்தால் பிடித்து இழுக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். அதை எடுக்காமல் செருகினால் உள்ளேயே போகாது. சிலர் பலமாக அழுத்தி டிவியின் போர்ட் கதவை உடைத்துவிடுகிறார்கள். செருகும் முனை சதுரம் போல் தெரிந்தாலும் இரண்டு மூலைகள் வெட்டப்பட்டிருக்கும், ஒரு பக்கமாக மட்டும்தான் போகும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சுவருக்கும் டிவிக்கும் நடுவில் கூர்மையாக மடித்து நசுக்காமல் கொஞ்சம் வளைவு விட்டு எடுத்துப்போக வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான், தங்க முலாம் என்று சொல்லி அதிக விலை கேட்பவர்களிடம் கொடுக்கத் தேவையில்லை. ஒளிக்குத் தங்கத்தால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

குறைகளும் உண்டு. டால்பி டிஜிட்டல் 5.1 வரை போகும், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் அட்மாஸும் போகாது. எனவே அட்மாஸ் பார் வாங்கியவர் ஆப்டிகலில் இணைத்தால் கொடுத்த காசில் பாதி வீண். இரண்டாவது, டிவி ரிமோட்டில் சத்தம் கூடாது, குறையாது. பார் ரிமோட்டைத்தான் எடுக்க வேண்டும். சில பார்கள் டிவி ரிமோட்டின் சத்தப் பட்டன்களைக் கற்றுக்கொள்ளும். கையேட்டில் ஐஆர் லேர்னிங் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அது இருந்தால் ஆப்டிகலுக்கு எதிராகச் சொல்ல பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒலி வந்ததும் தானே விழித்துக்கொள்ளும் பார்களும் உண்டு.

ஆப்டிகலுக்கு மாறியபின் டிவியில் சவுண்ட் அவுட்புட்டையும் ஆப்டிகல் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சில டிவிகளில் ஒலி வெளியே வராது. வேறு சிலவற்றில் டிவி ஸ்பீக்கரும் பாரும் சேர்ந்து பேசி எதிரொலி மாதிரி கேட்கும்.

புளூடூத்: இன்றைக்கு மேட்ச் பார்க்க வேண்டுமென்றால்

கேபிள் எதுவும் கையில் இல்லை, இன்னும் அரை மணியில் மேட்ச் என்றால் புளூடூத்தில் போட்டுப் பார்க்கலாம். நிரந்தர ஏற்பாடாக நான் இதைச் சொல்லமாட்டேன்.

முதல் காரணம் தாமதம். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரித்துப் பாடவைக்க நேரம் பிடிக்கிறது. எல்லாச் சாதனத்திலும் இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் அது பல சமயம் 150 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். படத்தை விட ஒலி 125 மில்லிசெகண்ட் அளவுக்குப் பிந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. உதடு முதலில் அசையும், குரல் பின்னால் வரும். கிரிக்கெட்டில் பேட் பந்தைத் தொட்ட பிறகு 'டக்' என்று கேட்கும். ஒலி முந்துவது இன்னும் மோசம், 45 மில்லிசெகண்டிலேயே உறுத்தும். பல டிவிகள் படத்தைச் சற்றே தாமதப்படுத்தி இதைச் சமாளிக்கின்றன; எல்லா டிவியும் அல்ல.

இரண்டாவது, வீட்டில் முன்பே பாரோடு இணைந்த கைப்பேசிகள் இருக்கும். டிவி இணைவதற்குள் அவற்றில் ஒன்று பாரைப் பிடித்துக்கொண்டால் டிவியில் இணைந்தது மாதிரித் தெரிந்தாலும் சத்தம் வராது. பாரின் புளூடூத்தில் சத்தம் இல்லையென்றால் முதலில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசியிலும் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

டிவியில் புளூடூத் என்று எழுதியிருந்தாலும் ஒலியை வெளியே அனுப்பும் என்று நம்பிவிடக் கூடாது. விலை குறைந்த சில மாடல்களில் அது ரிமோட்டுக்கு மட்டும்தான்.

ஆக்ஸ்: பழைய வழி, ஆனால் ஒரே ரிமோட்

3.5 மில்லிமீட்டர் வயரை டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து பாரின் ஆக்ஸுக்குக் கொடுப்பது. ஸ்டீரியோ மட்டும்தான், அனலாக். தரம் பேசுபவர்கள் இதைத் தொடக்கூட மாட்டார்கள். ஆனால் ஹெட்போன் ஓட்டையின் சத்தத்தை டிவி ரிமோட்டே கூட்டும், குறைக்கும். ஆர்க் கெட்டுப்போன டிவியில், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், ஆப்டிகலை விட எனக்கு இதுதான் பிடிக்கும். பாரின் சத்தத்தை நடுவில் ஒருமுறை வைத்துவிட்டால் போதும், அப்புறம் டிவி ரிமோட்டிலேயே பொழுது போகும். செய்தி, சீரியல், பழைய பாட்டு, இதற்கெல்லாம் வித்தியாசம் தெரியாது.

ஓட்டையைப் பார்த்துச் செருக வேண்டும். டிவியின் பின்னால் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை எல்லாம் ஹெட்போனுக்கு ஆனது இல்லை. பல எல்இடி டிவிகளில் அது ஏவி இன், அதாவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை ஒரு குட்டி அடாப்டர் வழியாக உள்ளே கொடுப்பதற்கு. அதில் ஆக்ஸ் வயரைச் செருகினால் ஆயுசுக்கும் சத்தம் வராது. ஹெட்போன் படமோ, ஆடியோ அவுட் என்ற எழுத்தோ பக்கத்தில் இருக்க வேண்டும். புது மாடல்கள் பலவற்றில் அந்த ஓட்டையே இல்லை.

பாக்ஸிலிருந்து நேராக

டிவியின் ஆர்க் போர்ட் செத்துவிட்டது, ஆப்டிகலும் ஹெட்போனும் இல்லை என்றாலும் வழி இருக்கிறது. பாரில் எச்டிஎம்ஐ இன் இருந்தால் செட்டாப் பாக்ஸை அதில் கொடுத்து, பாரின் அவுட்டிலிருந்து டிவியின் வேறு எந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் கொண்டுபோகலாம். ஒலி டிவிக்குப் போவதற்கு முன்பே பாரில் இறங்கிவிடும். இன் இல்லாத சின்னப் பார் என்றால், கேபிள் பாக்ஸ்கள் பலவற்றின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை ஓட்டைகளிலிருந்து 3.5 மில்லிமீட்டர் முனை வைத்த வயரைப் போட்டு பாரின் ஆக்ஸுக்குக் கொடுக்கலாம். படம் வழக்கம்போல எச்டிஎம்ஐயில் டிவிக்குப் போகும். பாக்ஸ் ரிமோட்டிலேயே சத்தத்தைக் குறைக்கலாம். டிவி சத்தத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட வேண்டும்.

இதில் ஒரே குறை, டிவிக்குள் இருக்கும் யூடியூபும் ஓடிடியும் பாரில் கேட்காது. பாக்ஸ் மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு இது குறையே இல்லை. ஓடிடியும் வேண்டுமென்றால் ஸ்டிக் வாங்கி அதையும் பார் வழியாகவே கொண்டுபோகலாம், அல்லது எச்டிஎம்ஐயிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து ஆப்டிகலில் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னப் பெட்டியை நடுவில் வைக்கலாம். ஆனால் பெட்டி கூடக் கூட, நாளைக்குச் சத்தம் நின்றால் தேடவேண்டிய இடமும் கூடும்.

பழுது பார்ப்பதா, சுற்றிப் போவதா

வாரன்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆர்க் வேலை செய்யவில்லை என்று சொல்லி சர்வீஸுக்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ போர்ட் டிவியின் மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், கம்பெனி சர்வீஸில் போர்டையே மாற்றத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். வாரன்டி முடிந்த டிவிக்கு அந்தச் செலவு கசக்கும்.

அட்மாஸ் பார் வைத்திருப்பவர் அந்தச் செலவைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது, அவர் பார் வாங்கியதே ஆர்க் வழியாக வரும் ஒலிக்காகத்தான். மெயின் போர்டு வேண்டாம், நல்ல திறமையான ஆள் போர்ட்டை மட்டும் மாற்றித் தருவார் என்றால் முதலில் அவரிடம் காட்டலாம். 2.1 பார் வைத்திருப்பவருக்கு என் பதில் தெளிவு: அந்தச் செலவு வேண்டாம். டிவியில் ஆப்டிகல் ஓட்டையில் சிவப்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சில நூறு ரூபாய் கேபிளோடு வேலை முடிந்தது. வீட்டில் அம்மா அப்பா மட்டும் இருக்கிறார்கள், ஹெட்போன் ஓட்டையும் இருக்கிறது என்றால் அதைவிடக் குறைந்த விலை ஆக்ஸ் வயரே போதும்.

மெக்கானிக்கை அழைக்கும் நிலை வந்தால் போனிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: கைப்பேசிப் பாட்டு பாரில் வருகிறது, டிவி ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, பிசிஎம்முக்கு மாற்றிப் பார்த்தாகிவிட்டது, பிளக்கைக் கழற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது. இதைக் கேட்ட பிறகு, விஷயம் தெரிந்தவர் பாரைக் கடைக்குத் தூக்கிவரச் சொல்லமாட்டார். நேராக டிவியின் போர்ட்டைப் பார்க்கத்தான் வருவார்.